போட்டோவுக்குப் பக்கத்தில் வந்த விளம்பரம்

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்காவது போய்விடுவேன். பெயர்களும் மறந்துபோகின்றன. பொறுத்துக்கொண்டு படியுங்கள். திருமணத் தகவல் மையத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எங்கள் முதலாளி எழுதச் சொன்னார். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

1. என் வேலை

உத்தமபாளையத்தில் ஒரு மாடியில் எங்கள் மையம். கூட்டிப் பெருக்கத்தான் அங்கே சேர்ந்தேன். வரன் தேடி வரும் வீடுகளில் பேச்சு நடத்துவது ஆண்கள், போட்டோவை உற்றுப் பார்ப்பது பெண்கள். முதலாளி பக்கத்தில் நின்றால் அந்தப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். மூக்கு, நிறம், உயரம் எல்லாம் கூச்சமில்லாமல் பேசப் பக்கத்தில் ஒரு பொம்பளை ஆள் வேண்டும். அதற்காக என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். மவுஸைத் தொடவே எனக்குக் கை கூசியது. “புடிங்கக்கா, கடிச்சா நான் ஊசி போட்டு விடுறேன்” என்றார். என்னைவிட இளையவர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

2. கேடயம்

எங்கள் வரன்களை ஒரு இலவச வெப்சைட்டில் ஏற்றி வைத்திருந்தோம். இலவசம் என்பதால் ஓரத்தில் விளம்பரம் ஓடும். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குத் தேனியிலிருந்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, பிரவுசரில் விளம்பரத்தைத் தடுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தார். மேலே மூலையில் கேடயம் மாதிரி ஒரு சின்னப் படம் வந்தது. ஓரம் வெறுமையாகிவிட்டது.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால், பின்னால் வேறு கம்பெனிகளும் இருந்துகொண்டு நாம் எதைப் பார்க்கிறோம் என்று கவனிக்கின்றன. பிறகு நாம் எந்தப் பக்கம் போனாலும் அதற்கேற்ற விளம்பரம் கூடவே வரும். அதற்கு டிராக்கிங் என்று பெயர். அதைத் தடுப்பதுதான் கேடயத்தின் வேலை. “ஒரே கம்ப்யூட்டர்ல ஊரே வந்து உக்காருது. ஒருத்தர் தேடுனது அடுத்தவுக கண்ணுல படக்கூடாதுல்ல” என்றார்.

வைகாசி முகூர்த்தம் நெருங்கியது. கூட்டம் தாங்கவில்லை. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வெப்சைட், ஆட் பிளாக்கரை, அதாவது கேடயத்தை, நிறுத்தினால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. அந்த ஒரு வெப்சைட்டுக்கு மட்டும் நிறுத்தி வைக்க வழி இருக்கிறதாம். முதலாளிக்கு அதைத் தேட நேரமில்லை. கேடயத்தையே மொத்தமாக நிறுத்திவிட்டு, கூட்டம் குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அந்தச் சமயத்தில் ஒரு அம்மா வந்தார். மகளுக்கு எங்களிடம் பதிந்திருந்தார். அந்தப் பிள்ளைக்குக் கணுக்காலுக்கு மேலே சின்னதாக ஒரு வெண்புள்ளி. வீட்டுப் போனில் தேடினால் மருமகள் பார்த்துவிடுவாள் என்று பயந்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் எங்கள் கம்ப்யூட்டரில் பேசித் தேடும் மைக்கை அமுக்கிக் கொடுத்தேன். அவர் குனிந்து ரகசியம் பேசுவது போலக் கேட்டார். வந்த ஆஸ்பத்திரிப் பக்கங்களை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று அதில் போட்டிருந்தது. அதைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

3. தேவாரத்து வீட்டார்

மறுநாள் தேவாரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். சுருளிப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருந்தது. பொருத்தம் பார்த்தாகிவிட்டது. இரண்டு வீட்டு ஆண்களும் போனில் பேசிவிட்டார்கள். அக்காவுக்குப் போட்டோ காட்டிவிட்டு, பூ வைக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தேன். சிரித்த முகம். அதை ஒட்டி, வெள்ளைத் திட்டுத் திட்டாக இரண்டு கைகள். வெண்புள்ளி குணமாகும் என்று கீழே எழுத்து.

“இது என்ன, பிள்ளை கையா?” என்று அம்மா கேட்டார்.

விளம்பரம் என்றேன். அவசரமாக வேறொரு பெண்ணின் பக்கத்துக்குப் போனேன். அங்கே சேலை விளம்பரம் வந்தது. திரும்ப வந்தேன். மறுபடியும் அதே கைகள். அவள் பக்கத்தில் மட்டும் அது வந்தது தற்செயல் என்று இப்போது தெரிகிறது. அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பயோடேட்டாவில் மறைத்ததைக் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு விளம்பரத்தைப் பற்றிப் பாதி தெரியும். “யாராச்சும் தேடுனாத்தாம்மா வரும். நான் ஒருவாட்டி குக்கர் பாத்துட்டு, போனைத் தொறந்தாலே குக்கரா வந்து விசிலடிச்சுச்சுல்ல” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “சுருளிப்பட்டி ஆளுக இங்கன வந்து தேடுனாகளா?”

“அவுக இல்லம்மா.”

“அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க. அவுக பேரச் சொல்லிட்டா நாங்க இப்பவே நாள் குறிச்சிட்டுப் போறோம்.”

முந்தின நாள் மைக்கில் கேட்ட அம்மாவின் பெயர் ஒன்றுதான். சொன்னால் இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். அந்த இன்னொரு பிள்ளைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலும் வரன் அமையாது. தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாலும் சந்தேகம் போயிருக்காது. தேடியது சுருளிப்பட்டிக்காரர்கள் இல்லை என்று நானே சொன்ன பிறகு அதையும் சொல்ல முடியவில்லை. மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“சொல்ல மாட்டேங்கிறாக பாரு” என்று அக்கா எழுந்தார். “வாம்மா. அவுக சொல்லாததுலயே தெரிஞ்சு போச்சுல்ல.”

முதலாளி ஓடிவந்து டிராக்கிங், எக்ஸ்டென்ஷன் என்று எல்லாவற்றையும் விளக்கினார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் போன் வந்தது. ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், தோஷம் இருக்கிறதாம்.

4. பிறகு

சுருளிப்பட்டிக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். காரணம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. கோபப்படவில்லை. “எம்பிள்ளையத் தேவாரத்துக்கே கூட்டிட்டுப் போயி கையக் காட்டச் சொல்றேன். நீங்க கூட வருவீகளா?” என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி கார் சாவியை எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைதான் அசையவில்லை.

“கையக் காட்டிக் கட்டிக்கிற எடம் எனக்கு வேணாம்ப்பா.”

முதலாளி சாவியைத் திரும்ப மேஜையில் வைத்தார். பதிவை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பக்கத்தை அழித்தது நான்தான்.

அதே வைகாசி முகூர்த்தத்தில், மைக்கில் ரகசியமாகக் கேட்ட அந்த அம்மாவின் மகளுக்கு எங்கள் மூலமே கல்யாணம் முடிந்தது. புள்ளி இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லித்தான் முடித்தார். பத்திரிகை வைக்க வந்தபோது ஸ்வீட் டப்பாவும் கொண்டுவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அன்று நான் வாயை மூடியிருந்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் சுருளிப்பட்டி பஸ்ஸைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கேடயம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏதாவது வெப்சைட் அடம்பிடித்தால் அதற்கு மட்டும் நிறுத்துங்கள், வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். ஒருவர் எழுந்து போனதும் ஹிஸ்டரியை அழித்துவிட்டு அடுத்தவரை உட்கார வையுங்கள். அவசரம் எல்லா முகூர்த்தத்துக்கும் இருக்கும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் தப்பாக எழுதியிருப்பேன். ஹிஸ்டரியை அழித்தால் மட்டும் போதுமா, குக்கீ என்று ஏதோ சொல்கிறார்களே, அதையும் அழிக்க வேண்டுமா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். சுருளிப்பட்டிப் பிள்ளையைப் பற்றி எழுதியதை மட்டும் யாரும் சரிபார்க்கப் போக வேண்டாம். அவளை இன்னொரு தரம் கையை நீட்டச் சொல்லக் கூடாது.