நுரைக்காரர்

சித்தப்பாவைப் பண்ணையிலிருந்து துரத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை எனக்கு ரயில். சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனவள், வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

பத்தொன்பது வருடம் அங்கே மருந்தடித்தவர் அவர். சோயா வயலில் புல் மண்டினால், பயிரை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்து உண்டு. ஆனால் புல்லின் இலை மெழுகு பூசினாற்போல் இருக்கும். வெறும் மருந்துத் தண்ணீர் அதில் நிற்காமல் உருண்டு விழுந்துவிடும். அதற்கென்றே விற்கும் எண்ணெயைக் கலந்தால்தான் மருந்து இலையில் படர்ந்து உள்ளே இறங்கும்.

அந்த வருடம் வந்த புது சூப்பர்வைசர் எண்ணெய் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"மருந்து டப்பாவுலயே எல்லாம் இருக்கு. கண்டதையும் ஊத்தாதே."

புல் சாகவில்லை. சித்தப்பா ஒழுங்காக அடிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார் சூப்பர்வைசர்.

பேர் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் சித்தப்பா ஒரு முட்டாள்தனம் செய்தார். பிசுக்கை எடுக்கிற சோப்பு மெழுகையும் எடுக்காதா என்று நினைத்து, சித்தி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைப் பாட்டிலோடு கொண்டுபோய், முதுகில் மாட்டி அடிக்கும் டாங்கில் கொட்டி, உச்சி வெயிலில் அடித்தார். மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை பொங்கி அவர் முதுகெல்லாம் வழிந்தது. மூன்றாம் நாள் சோயா இலைகள் கருகிக் கிடந்தன. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, களையெடுக்கும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் முன்னால் பண்ணையிலிருந்த ஏழு டாங்குகளையும் அவரைத் தேய்க்கவைத்தார் சூப்பர்வைசர்.

"அண்ணே, அப்படியே என் வீட்டுச் சட்டியையும் கொண்டாரட்டுமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழாவது டாங்க் முடிந்ததும், "கிளம்பு" என்றார் சூப்பர்வைசர்.

அதன்பிறகு எந்த வயலும் அவரைக் கூப்பிடவில்லை. ஊரில் அவர் பேரே நுரைக்காரர் என்றாகிவிட்டது. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, சித்தியே அவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"நுரைக்காரரே, சிங்க்ல பாத்திரம் கிடக்கு."

அவர் எழுந்து போய்க் கழுவினார். கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பாப்பா, சோப்பு போட்டது என் தப்புதான். ஆனா எண்ணெய் வேணும்னு நான் சொன்னது சரிதானே?"

"எனக்கென்ன தெரியும், சித்தப்பா?"

போன வாரம் சித்தியின் போனில் ஒரு படம் வந்தது. முழங்கால் உயரப் புல், இடையில் நோஞ்சானாகச் சோயா. அனுப்பியவர் அதே சூப்பர்வைசர். கீழே, 'எண்ணெய் எவ்வளவு? எப்போ ஊத்தணும்?'

சித்தப்பா ஈரக் கையோடு ஓடிவந்தார். "எழுது பாப்பா. பாதி டாங்க் தண்ணி. அப்புறம் மருந்து. கடைசியா எண்ணெய், நூறு லிட்டருக்கு ஒரு லிட்டர். மீதித் தண்ணிய ஊத்திக் கலக்கிட்டே இருக்கணும். வெயில் தாழ்ந்தப்புறம் அடிக்கச் சொல்லு."

அவர் சொன்னபடியே எழுதினேன். அனுப்பினேன்.

"எப்போ வேலைக்கு வரணும்னு கேளுடி," என்றாள் சித்தி. சித்தப்பா அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

பதில் உடனே வந்தது. என்ன போட்டிருக்கிறது என்று சித்தப்பா கேட்டார். அப்படியே படித்துக் காட்டினேன்.

'அடிக்க ஆள் இருக்கு. அளவு மட்டும்தான் வேணும்.'