பல் செட்டும் மைக் செட்டும்

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு செட் வந்து சேர்ந்தது. டீ செட் இல்லை. சோபா செட் இல்லை. அப்பாவின் பல் செட்!

முறுக்கு கடிக்க ஆளில்லாமல் டப்பாவிலேயே நமுத்துப் போகிறதே என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாக வருத்தம். தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் அப்பாவை இழுத்துக்கொண்டு போய், மேலும் கீழும் ஃபுல் செட்டாகவே கட்ட வைத்துவிட்டாள். போட்டுக்கொண்டதும் அப்பாவுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. வாயைத் திறக்கும்வரை...

"ஸாப்பாடு ரெடியா?" என்றார். கூடவே ஒரு விசில். அம்மா குக்கரைப் பார்க்க ஓடினாள்.

"போகப் போக செட் ஆயிடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இங்கிலீஷ்காரன் விட்டுவிட்டுப் போன சின்ன வார்த்தை. அதை நாம் படுத்துகிற பாடு இருக்கிறதே!

என் மகன் ஜிம்முக்குப் போகிறவன். அங்கே ஒரு செட் என்றால் மூச்சு வாங்க வாங்க இரும்பைத் தூக்கி இறக்குவது. அதே பையனிடம் கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணைப் பற்றிக் கேட்டால், "செட் ஆகாதும்மா" என்பான். அவ்வளவுதான். ஜாதகம், படிப்பு, வேலை எல்லாம் அந்த ஒரு சொல்லில் காலி! சனிக்கிழமை கேளம்பாக்கம் பக்கம் கிளம்பும்போது, "எங்க செட்டு மொத்தமும் வருது" என்பான். அப்போது அது நண்பர் கூட்டம்.

எதிர் வீட்டில் தளம் போட்ட மேஸ்திரியோ, "செட்டாவட்டும், அதுக்குள்ள எவனும் மேல கால வெச்சிடாதீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். பெருங்களத்தூர் டிபன் கடையில் போய் செட் என்றால் ரெண்டு தோசையும் வடகறியும் வரும். அப்பா மட்டும் சும்மா இருப்பாரா? "எங்க செட்டுல முக்கால்வாசிப் பேருக்கு இப்போ இந்த செட்டுதான்" என்றார்... விசிலோடு.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அப்பாவுக்கு உள்ளுக்குள் அது சிரிப்பு விஷயமாக இல்லை. ஏன் தெரியுமா?

பீர்க்கன்கரணையில் எங்கள் காலனிக்கு என்று ஒரு காணும் பொங்கல் விழா உண்டு. கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், கயிறு இழுக்கும் போட்டி எல்லாம் நடக்கும். எல்லாவற்றுக்கும் வர்ணனை அப்பாதான். ஆபீசில் வாழ்நாள் முழுக்க யாரோ சொன்னதை டைப் அடித்த மனிதர். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் பேச, ஊர் கேட்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் அம்மா சிரிப்பாள். அதற்காகவே அவர் தீபாவளி முடிந்ததும் ஜோக் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருஷம்? பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, "ஸபையோர்களுக்கு வணக்கம்" என்று பயிற்சி எடுத்தார். விசில் போகவில்லை. விழாவுக்கு முந்தின நாள் சங்கச் செயலாளருக்கு போன் போட்டு, "வேற யாரையாவது பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் பால்கனியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மைதானத்துக்குள் நுழைந்ததுமே செல்வம் பிடித்துக்கொண்டார். செல்வம் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். இப்போது ஷாமியானாவும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறார்.

"இன்னா சார், பல்லு கட்டிக்கினீங்களாமே? வாங்க, மைக்கு ரெடியா கீது!"

அப்பா உதட்டைப் பிரிக்காமல் சிரித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்பாவுக்குப் பதிலாக மைக் பிடித்தவன் ஒண்ணாவது தெருப் பையன் ஒருத்தன். நல்ல குரல், நல்ல ஸ்டைல். "ஓகே கைஸ், லெட்ஸ் கோ!" என்றான். எல்லோரும் மரியாதையாகக் கை தட்டிவிட்டு மொபைலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பெண்கள் கயிறு இழுக்கும் போட்டி வந்தது. எங்கள் மூணாவது தெருவுக்கும் ஏரிக்கரைத் தெருவுக்கும். ஆளுக்கு ஒரு ரவுண்டு ஜெயித்தாகிவிட்டது. கயிற்றின் கடைசி நுனியில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா. மூன்றாவது ரவுண்டுக்குக் கயிற்றைத் தூக்கியவள் சட்டென்று திரும்பிக் கத்தினாள்.

"என்னங்க! அங்க என்ன பண்றீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா? வந்து பேசுங்க!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்தார். கர்ச்சீப்பை எடுத்தார். பல் செட்டைக் கழற்றி அதில் சுற்றி என் கையில் வைத்தார். நேராகப் போய்ப் பையனிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"மூணாவது தெரு கயித்தை இழுக்கலைங்க... கயித்தைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்குது!"

பொக்கை வாய்த் தமிழ். கொழகொழவென்றுதான் வந்தது. அதனால் என்ன? கூட்டம் நிமிர்ந்துவிட்டது. விசில் ஊதினார்கள், இழுக்க ஆரம்பித்தார்கள்.

"கடைசியில நிக்கறது என் வீட்டம்மா! கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை இழுத்துக்கிட்டு இருக்காங்க. இன்னைக்குத்தான் எதிர்ப்பக்கம் கொஞ்சம் பலமான ஆளு!"

முதலில் சிரித்தது அம்மாதான். சிரிப்பு கயிற்றோடு ஓடி ஒவ்வொருத்தியாகப் பிடித்துக்கொண்டது. கை நழுவியது. மூணாவது தெரு மொத்தமும் தொப்பென்று தரையில்! ஜெயித்த ஏரிக்கரைத் தெருவும் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டது. அப்படி ஒரு தோல்வியை நான் ரசித்ததே இல்லை. அப்பா பரிசளிப்பு முடியும்வரை மைக்கைக் கீழே வைக்கவில்லை.

எல்லாம் முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்த செல்வம் கிட்டே வந்தார்.

"சார், கோச்சுக்காதீங்க. நீங்க பேசுறது இன்னிக்குத்தான் சார் முழுசா புரிஞ்சுது. போன வருசம் வரிக்கும் அந்தக் கொழா ஸ்பீக்கர்ல ஒண்ணுமே வெளங்காது. இப்பத்தான் புச்சா ஸ்பீக்கர் வாங்கிக்கீறேன்."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "அப்போ இத்தனை வருஷமா இவர் என்ன பேசினார்னு கை தட்டினீங்க?"

"மொத வரிசைல நீங்க சிரிப்பீங்களேக்கா... அத்தப் பாத்துத்தான் நாங்களும் சிரிப்போம்."

இத்தனை வருஷமும் மைக் மட்டும்தான் அப்பா கையில் இருந்திருக்கிறது!