பல் டாக்டரின் படகுக்குக் கம்பி கட்டியது

கம்பி வேலைக்காரனிடம் வருகிறவர்கள் எல்லோரும் "கெட்டியா இருக்கணும்" என்பார்கள். எதைத் தாங்குவதற்குக் கெட்டி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வாடிக்கைக்காரர் கையை ஆட்டிக் காட்டியதை நம்பி வேலை எடுத்தவர்களுக்கு என் கஷ்டம் தெரியும்.

பல் டாக்டர் சேஷாத்ரியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது அடையாற்றங்கரையில். பாய் விரித்த தம் படகின் பின்பக்கத்தில், நான் அடித்த கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் தண்ணீரில் சாகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் மற்றவர்களைப் போல என் கம்பியைச் சந்தேகிப்பீர்கள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் எனக்கும் காதர் பாய்க்கும் கூட்டாக ஒரு பட்டறை. தியாகராய நகரில் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பி, கேட், மாடிக் கைப்பிடி தவிர வேறொன்றும் நாங்கள் செய்ததில்லை.

ஊஞ்சல் கொக்கி

டாக்டருக்கு ஒரே ஆசை. தம் படகில் முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு தடவை கடலுக்குள் போய் வர வேண்டும். அவர் மனைவி கோமதி மாமி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: படகு கவிழ்ந்தால் ஏறிக்கொள்ள இன்னொரு சின்னப் படகும் கூடவே போக வேண்டும். அதைப் பெரிய படகின் பின்னால் தொங்கவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். பின்பக்கம் மெல்லிய கைப்பிடிக் கம்பி ஒன்று இருந்தது. அதைப் பலப்படுத்தி, அதிலிருந்து வளைந்த கழுத்தோடு இரண்டு கைகளை நீட்ட வேண்டும். சின்னப் படகு அந்தக் கைகளில் தொங்கும்.

வீட்டில் கைப்பிடி என்றால் சுவரைக் குடைந்து ஒரு சாண் புதைப்போம். இங்கே சுவர் இல்லை. பலகையில் நாலு திருகாணிதான். டாக்டர் தம் இரண்டு கைகளையும் கொக்குக் கழுத்துப் போல வளைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊஞ்சல் கொக்கி மாதிரியா என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான் மேஸ்திரி. ஆனா ஆடப்படாது."

மதியச் சாப்பாட்டில்

பட்டாளம் கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் போட்ட மிலிட்டரி டிஸ்போசலில் தடித்த இரும்புக் குழாய் கிடைத்தது. "கேட்டு கம்பத்துக்கு இன்னா பண்றோம் நைனா? உள்ள சிமிட்டி ஊத்து. யானைய கட்னாலும் நிக்கும்" என்றார் காதர் பாய். ஊற்றினோம். காய்ந்ததும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். என்ன வேலை என்று சாப்பிடும்போது கேட்டாள். சொம்பைப் பெரிய படகாகவும் கிண்ணத்தைச் சின்னப் படகாகவும் வைத்து, நடுவில் கரண்டியை மாட்டிக் காட்டினேன். கிண்ணம் ரசத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பெரிய படகு மேல யாருக்கும் நம்பிக்கை இல்லேன்னா, அதுல எதுக்குங்க போறாங்க?"

அண்ணாந்த மூக்கு

கம்பியை மாட்டி முடித்ததும் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்தது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. இத்தனைக்கும் சின்னப் படகை இன்னும் தொங்கவிடவே இல்லை. கனமாக இருந்தால் கெட்டி என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். காதர் பாய் மூக்குப் பக்கம் கருங்கற்களை வைத்துப் பார்த்தார். இப்போது படகு முழுவதுமே இறங்கியது. டாக்டர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என் நாற்காலியில உக்கார்ற பேஷண்ட் மாதிரின்னா அண்ணாந்துண்டு நிக்கறது."

பல்லும் ஈறும்

எல்லாவற்றையும் கழற்றினோம். இரண்டாவது தடவை வெறும் குழாய். சின்னப் படகில் மணல் மூட்டை ஏற்றித் தொங்கவிட்டோம். குழாய் வளையவில்லை. ஆனால் கம்பியின் முன்கால் பலகையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்தது. கம்பி நன்றாக இருக்கிறது, வேலை மட்டும் நன்றாக இல்லை; இது எப்படி என்று எனக்குத் தலை சுற்றியது.

டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் தவழ்ந்து போனார். பின்னாலேயே நானும் போனேன். திருகாணிகள் மெல்லிய பலகையை மட்டுமே பிடித்திருந்தன. அடியில் தடித்த தேக்குக்கட்டை கொடுத்து, மேலிருந்து கீழ்வரை போல்ட்டு போட்டு முடுக்கினோம். வளைந்த கைகளுக்கு அடியில் சாய்வாக இரண்டு முட்டுக் கொடுத்தோம். மூட்டையை மறுபடி தொங்கவிட்டபோது ஒன்றும் பெயரவில்லை. காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இத்தினி நாளா ஈறை வுட்டுட்டுப் பல்லையே தேச்சிகினு இருந்தோம் நைனா."

மாமியின் பரீட்சை

கோமதி மாமி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மணல் மூட்டையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "மூட்டைக்கு உசிர் பயம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட வந்த வீட்டுச் சமையற்காரரையும் கூட்டிக்கொண்டு சின்னப் படகில் ஏறி உட்கார்ந்தார். நானும் காதர் பாயும் பெரிய படகில் நின்று, வளைந்த கைகளில் கோத்திருந்த கயிற்றை இழுத்தோம். படகு தண்ணீரை விட்டு எழும்பியது. சமையற்காரர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. நான் மரத்தில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மாமி பெரிய படகை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்கேர்ந்து பாத்தா அதுதான் பயமா இருக்கு. இது தேவலை."

மழைக்குப் பிறகு

முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கார்த்திகை மழையில் உடைத்துக்கொண்டதும், வானம் வெளுத்த ஒரு காலையில் டாக்டர் கிளம்பினார். நான் முதலில் சொன்னது அந்தக் காலைதான். சாயங்காலம் நல்லபடி திரும்பிவிட்டார் என்று தியாகராய நகரில் ஒரு ஜன்னல் வேலையில் இருந்தபோது கேள்விப்பட்டேன்.

மார்கழியில் டைபாய்டு வந்து, தம் வீட்டுக் கட்டிலிலேயே போய்விட்டார். ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியது. படகு, கம்பி, டாக்டர் சாவு மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மாடிக் கைப்பிடி சொல்லியிருந்த ஒருவர் வேலை வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். எனக்கே குழம்பிவிட்டது. கடலில் ஏதாவது நடந்து, அதை டாக்டர் சொல்லாமல் விட்டாரோ? காரியங்கள் முடிந்தபின் மாமி வீட்டுக்குப் போய் நின்றேன். நான் கேட்பதற்குள் மாமியே பேசினார்.

"போனார், பாத்தார், ஆத்துக்கு வந்து ரெண்டு நாள் அதையே பேசிண்டிருந்தார். உம்ம கம்பி அசையவே இல்லையாம். கேக்கறவாளை எங்கிட்ட அனுப்பும்."

படகைக் கம்பியோடும் தொங்குகிற சின்னப் படகோடும் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். சின்னப் படகின் துடுப்புகளை மட்டும் மாமி கொடுக்கவில்லை, ஒரு தடவைகூடத் தண்ணீரில் நனையாத அந்த இரண்டும் அவர் பிள்ளை வீட்டுப் பரணில் வார்னிஷ் மங்காமல் இன்னும் இருக்கின்றன.