சில்லுக்குள் காந்தம் வந்த வழி

என் மருமகள் பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கிறாள். விடியற்காலை ரயிலில் எங்கள் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து போய், பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். நகத்தளவு கறுப்புச் சில்லு. குறைக்கடத்தி என்று அதற்குப் பெயராம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோபால்ட் துகள்களைப் பதிக்கிறார்கள். அதில் வரும் காந்தம் துகளிலிருந்தா, சுற்றியிருக்கும் சில்லிலிருந்தா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

சுரங்கத்தில் இறங்கியவரைக் கட்டிக்கொண்டவள் நான். கல்லுக்குள் இருப்பதைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? எழுத்துக் கூட்டிப் படிப்பவள்தான். ஆனாலும் சுரங்கத்தார் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நானே விளக்கம் சொன்னேன்.

வேறொரு ஆய்வுக்கூடத்தில் அளப்பதற்காக ஒரு சில்லை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தாள். தூசி தட்டினேன், டப்பா விழுந்து திறந்துகொண்டது. கைபட்டால் அழுக்காகுமே என்று முள்வாங்கியை எடுத்து, முந்தானையில் துடைத்து, சில்லை இடுக்கி உள்ளே வைத்தேன். இரண்டு முறை வழுக்கியது. என் சுத்தத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மைசூர்பாகோடு வந்தாள்.

"நெனச்சதவிட காந்தம் ஜாஸ்தி, அத்தே! இத எழுதி அனுப்பினா பட்டம் சீக்கிரம் வந்துடும்."

பாதியை நான் தின்றேன். மீதியை, நானே கண்டுபிடித்த மாதிரி, லைன் முழுக்கக் கொடுத்தேன்.

பத்து நாளில் அவள் முகம் வாடிவிட்டது. கூடச் செய்த மற்றச் சில்லுகளில் அவ்வளவு காந்தம் இல்லையாம்.

"இரும்பு இடுக்கியால தொட்டாலே பொடி ஒட்டிக்கும், காந்தம் காட்டும். நாங்க பிளாஸ்டிக்தான் வச்சிருக்கோம். அப்புறம் எங்கேர்ந்துதான் வந்துச்சோ!"

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். இந்த வயது வரை யாரிடமும் தப்பை ஒத்துக்கொண்டு பழக்கமில்லை. மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

"நான் ஒருக்கா தொட்டேம்மா. முள்வாங்கியால."

"இன்னாது?"

"நல்லாத் தொடச்சிட்டுத்தான்."

"எதுல?"

"முந்தானையில. தொவச்ச பொடவதான்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டை எடுத்தாள்.

"எந்த ஓரத்துல புடிச்சீங்க?"

"எல்லா ஓரத்துலயும்."

சில்லை அமிலத்தில் கழுவி மறுபடி அளந்தாள். இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தாள்.

"முக்காவாசி போயிடுச்சு, அத்தே. கால்வாசி நிக்குது. அது உள்ளேர்ந்து வர்றது. அத மட்டும்தான் எழுதப் போறேன். பட்டத்துக்கு இன்னும் நாளாகும்."

"அந்த முக்காவாசி?"

"அது உங்களுது."

நான் லைன் முழுக்க இனிப்புக் கொடுத்தது அந்த முக்கால்வாசிக்குத்தான்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "உன் மருமக காந்தம் இன்னா ஆச்சுக்கா?"

"கொறஞ்சிடுச்சு."

"ஏனாம்?"

தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. குடம் நிறைவதற்குள் முழுவதையும் சொல்லிவிட்டேன்.