கால்வாயில் வந்த பச்சை

உள்ளே, புதுக் கழிப்பறையில் தண்ணீர் ஹோவென்று இறங்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் நாளைய வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் கை அப்படியே நின்றது.

"சாயம் ஊத்தியாச்சும்மா," என்று வெளியே வந்தார் மாநகராட்சிப் பொறியாளர் லாவண்யா. கையுறை முழுக்கப் பச்சை. "கால்வாய்ல இந்தப் பச்சை தெரியலன்னா, உங்க குழாய் பாதாளச் சாக்கடைக்குத்தான் போவுதுன்னு அர்த்தம். தெரிஞ்சா இன்னிக்கே அடைச்சிடுவோம்."

"எங்க வீட்டுலேர்ந்து எப்படி மேடம் தெரியும்?" என்று சிரித்தாள் இசக்கியம்மாள்.

சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. கல்யாணமாகித் தியாகராய நகருக்கு வந்த நாள் முதல் மாம்பலம் கால்வாயின் நாற்றத்தோடு வாழ்ந்தவள். பெருவெள்ளத்தில் அந்தக் கறுப்புத் தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு ஏறியபோது, காய்ச்சலில் கொதித்த மகள் ஸ்வர்ணலதாவை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய அழுதவள். அதனால்தான் மாநகராட்சியும் தெருக்காரர்களும் சேர்ந்து கால்வாய்க் குழு அமைத்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். குழுவில் இருப்பவர் வீட்டையும் சோதிக்க வேண்டும், முன்பு பிடிபட்ட வீட்டுக்காரர்தான் கால்வாயோரம் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்ற விதிகளைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

இன்று அங்கே நிற்பவள் எதிர்வீட்டுத் தையல்காரி சகினா. அவள் வீட்டுக் குழாயை அடைத்தபோது, "பொண்ணு நிக்காஹ் முடியட்டும்க்கா" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். இசக்கியம்மாள் இரங்கவில்லை. "ஒரு நாள்னாலும் விஷம் விஷந்தான்" என்று கையை உதறிவிட்டாள்.

அப்போதுதான் கணவர் ஜவஹரின் முகத்தைப் பார்த்தாள். மின்விசிறிக்கு அடியில் நின்றும் வியர்த்திருந்தது.

"என்னங்க?"

அவர் அவளை அடுப்படிக்கு இழுத்துப் போனார். "புள்ளைக்கு உக்காந்து எந்திரிக்க முடியலன்னுதான பழசை இடிச்சுக் கட்டினோம்? மேஸ்திரி, முன்பக்கம் சாக்கடை வரைக்கும் தரையை உடைக்கணும், வளைகாப்புக்குள்ள முடியாதுன்னுட்டான். நீ அன்னிக்குக் குழு மீட்டிங்குக்குப் போயிட்ட. நான்தான்... இப்போதைக்குக் கால்வாய்க்குப் போற மழைநீர்க் குழாயில விடச் சொன்னேன்."

வீட்டில் இருப்பது அந்த ஒரே கழிப்பறை. ஏழு மாதக் கர்ப்பிணி மகள் பக்கத்து அறையில். விடிந்தால் சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவார்கள். தெருவோ, இதற்குத்தான் காத்துக்கொண்டிருந்ததுபோல் கைகொட்டிச் சிரிக்கும். மிச்சமிருக்கும் வீடுகளில் இனி எந்தக் கதவு குழுவுக்குத் திறக்கும்?

சகினாவிடமிருந்து போன் வரவில்லை. லாவண்யா கடிகாரத்தைப் பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஓடி வந்தாள்.

சகினா வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. அவள் பார்வை கூடத்தைத் தாண்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்வர்ணலதாவின் வயிற்றில் போய் நின்றது.

"ஒண்ணியும் வர்ல மேடம். தண்ணி எப்பவும் போலத்தான் கீது."

"அப்ப சரி," என்று லாவண்யா பையை எடுத்தார்.

ஜவஹர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். இசக்கியம்மாள் சகினாவைப் பார்த்தாள். சகினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம், போகாதீங்க!" என்றாள் இசக்கியம்மாள். "பச்சை வந்திருக்கும். எங்க குழாய் கால்வாய்லதான் விழுது. அடைச்சிடுங்க."

"இசக்கி!" என்று அலறினார் ஜவஹர். "நாளைக்கு சம்பந்திங்க வர்றாங்கடி!"

"சகினா வீட்டுக்கும் சம்பந்திங்க வந்தாங்க."

லாவண்யா போனில் ஆட்களை அழைத்தார். வந்தவர்கள் குழாயை அடைத்தார்கள். தரையை உடைத்து முறையாக இணைக்கச் சில நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டு லாவண்யா ஆட்களோடு கிளம்பினார்.

சகினா மட்டும் நின்றாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"என் பொண்ணு நிக்காஹ்ல நான் பட்ட பாடு இந்தப் புள்ள படக் கூடாதுன்னு சொன்னேன். ஒனக்குத்தான் நல்லது சொன்னா ஆவாதே! ஊர் முச்சூடும் அடைச்சிட்டு, கடசில தன் ஊட்டையே அடைச்சுக்கினா பாரு மகராசி!"

இசக்கியம்மாள் வளையல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"அம்மா," என்றாள் ஸ்வர்ணலதா மெல்ல, கூச்சத்தோடு. "எனக்கு... பாத்ரூம் போணும்."

ஜவஹர் அடைத்துவிட்ட கழிப்பறைப் பக்கம் பார்த்தார்.

சகினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இதுக்கு இன்னாத்துக்குக் கண்ணு முழிக்கிறே? எங்க ஊட்டுக் குழாய் இப்ப சாக்கடைக்குத்தான் போவுது. ஒங்கம்மா புண்ணியம். நாளைக்கு வர்ற பொம்பளைங்களையும் அங்கியே அனுப்பு. நட, மெதுவா."

அவள் ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்து அடி அடியாக வாசலைத் தாண்ட வைத்தாள். பின்னாலேயே போக எழுந்தாள் இசக்கியம்மாள். அவள் கால் பட்டு, தரையில் பிரித்து வைத்திருந்த வளையல்கள் சரிந்து உருண்டன.

சகினா திரும்பிப் பார்க்காமல், அவள் வருமுன் தெருக்கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.