எலுமிச்சம்பழத்தில் நுரைத்த கல்

ஆயுத பூஜை வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த வருஷமும் இருக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் என் வேலையையே முக்கிவிடப் பார்த்தேன்.

அப்போது மலேசியாவில், பேராக் மாநிலத்து ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. அதுவும் காண்ட்ராக்ட், அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது நிலவியல் பாடம் எடுக்கும் மேடத்தின் கையில். அவர் சீனப் பெண்மணி. பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். முந்தின மாதம்தான் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்து அந்தப் பார்வையை வாங்கியிருந்தேன்.

பூஜை புதன்கிழமை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணே காலையிலேயே மைக்ராஸ்கோப், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். கல்லூரி வேனின் டயருக்கடியில் நசுக்க எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்திருந்தார். கனிமக் கற்கள் இருந்த பெட்டி மட்டும் தூசியாகக் கிடந்தது. பூஜைக்கு வைக்கிற சாமானைத் தேய்க்காமலா வைப்பது? வீட்டில் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல, சுடுதண்ணீர், சோப்பு, அரைமூடி எலுமிச்சம்பழம் என்று பதினோரு கல்லையும் தேய்த்துத் தள்ளினேன். இடையில் வெள்ளைக் கற்களில் பொடிப்பொடியாக நுரை வந்தது. சோப்பு என்று விட்டுவிட்டேன். முடித்துவிட்டு வாளியைப் பார்த்தால், எண் எழுதி ஒட்டியிருந்த தாள்கள் பதினொன்றும் மிதக்கின்றன. மை கரைந்து ஒன்றிலும் எண் இல்லை.

அண்ணே தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆலமாக்! என்னம்மா பண்ணி வச்சிருக்க? ரெண்டு மணிக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை லா. எது எந்தக் கல்லுன்னு கண்டுபிடிக்கிறதுதான் பரீட்சையே!"

"தெரியும்ண்ணே. நீங்க வேற வயித்துல புளியைக் கரைக்காதீங்க."

மேடம் கோலா கங்சார் போயிருந்தார். ஒரு மணிக்குத் திரும்புவார். என்னிடம் இருந்தது விடைத்தாள் ஒன்றுதான்: எண்ணும், அதற்கு நேரே கல்லின் பெயரும். கல்லுக்குப் பெயர் தெரிந்தால் எண்ணை மறுபடி ஒட்டிவிடலாம். மூன்று வருஷம் அந்த வகுப்பின் மூலையில் தட்டு கழுவிக்கொண்டு நின்றிருக்கிறேன். மேடம் சொல்லிக்கொடுத்தது என் காதிலும்தானே விழுந்தது?

முதலில் நகத்தால் கீறினேன். சோப்புக்கட்டி போல வழுக்கியது டால்க். நகம் இறங்கியும் வழுக்காதது ஜிப்சம். மைக்காவுக்குச் சோதனையே வேண்டாம். ரொட்டி சானாய் மாதிரி ஏடு ஏடாக உரிந்து வந்தது. காந்தம் தாவிப் பிடித்த கறுப்புக் கல் மேக்னடைட். இன்னொரு கறுப்பைக் காந்தம் சீண்டவில்லை. அதை வெள்ளைப் பீங்கான் ஓட்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் இழுத்தால் செம்மண் நிறத்தில் கோடு விழுந்தது, ஹேமடைட். தங்கமாக மினுக்கிய கல் அதே ஓட்டில் கரிக்கோடு போட்டது. ஏமாற்றுக்கார பைரைட்! அளவுக்கு மீறிக் கனத்த பழுப்புக் கல்லைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. வெள்ளீயச் சுரங்கத்துக்குப் பேர்போன பேராக்கில் பிறந்தவளுக்கு ஈயக்கல்லைச் சொல்லித்தர வேண்டுமா? "அடியே, உனக்கும் மூளை இருக்கு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரைத் தள்ளிவைத்தால் மீதி மூன்றும் வெள்ளை. விடைத்தாளில் நாலும் ஒன்பதும் குவார்ட்ஸ், இன்னொன்று கால்சைட். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கத்திக்கு அசையாது. ஒரு கல் அப்படியே செய்தது. மற்ற இரண்டும் கத்தி பட்டதும் மாவாக உதிர்ந்தன. திரும்பத் திரும்பக் கீறினேன். இரண்டும் கால்சைட் என்றுதான் கை சொன்னது.

உறுதிப்படுத்த ஆசிட் வேண்டும். அலமாரிச் சாவியோ மேடத்திடம். அப்போதுதான் காலையில் பார்த்த நுரை ஞாபகம் வந்தது. சின்ன வயதில், அம்மா ரப்பர் பால் கொண்டுபோய்க் கொட்டும் தோட்டத்து ஸ்டோரில், பாலை உறையவைக்கும் ஆசிட் சிந்தினால் சிமெண்டுத் தரை நுரைக்கும். அதே நுரை.

"அண்ணே, ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க."

"அது வேன் டயருக்கு வச்சது!"

"டயர் ஓடிடாது. குடுங்கண்ணே."

சாற்றைப் பிழிந்தேன். இரண்டு கல்லிலும் கீறிய இடத்தில் குமிழ் குமிழாகக் கிளம்பியது. மூன்றாவது கல் சும்மா நனைந்து கிடந்தது.

அண்ணே குரலைத் தாழ்த்தினார். "பேசாம நுரைச்சதுல ஒண்ணுக்கு ஒம்பதாம் நம்பரை ஒட்டிடு. தாள்ல குவார்ட்ஸ்னுதானே இருக்கு? யாருக்குத் தெரியப்போவுது?"

வாஸ்தவம்தான். சொன்னால், கல்லைக் கழுவியதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். சொல்லாவிட்டால், ஒழுங்காகக் கீறிப் பார்த்து கால்சைட் என்று எழுதும் பிள்ளைக்குத் தப்பு விழும். நாலு மணி நேரத்துக்கு முன் என்றால் பேசாமல் ஒட்டியிருப்பேன். என் கையாலேயே கண்டுபிடித்த பிறகு மனசு வரவில்லை.

மேடம் உள்ளே வந்ததும், வாளியில் தொடங்கி எல்லாவற்றையும் மலாயில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, நுரைத்த இரண்டு கல்லிலும் ஒவ்வொரு சொட்டு ஆசிட் விட்டார். இரண்டும் புஸ்ஸென்று பொங்கின.

அவர் முகம் சிவந்துவிட்டது. "இதில் ஒன்றைக் குவார்ட்ஸ் என்று வைத்து எத்தனை வருஷமாகப் பரீட்சை நடத்துகிறேன், தெரியுமா?" என்றார். அது எனக்கான கேள்வி இல்லை. விடைத்தாளில் ஒன்பதுக்கு நேரே தான் எழுதியதைத் தானே அடித்து, கால்சைட் என்று எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டி, எண்களை எழுதி ஒட்டச் சொன்னார்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது, "மாடியில் இன்னும் ஆறு பெட்டி இருக்கின்றன. திங்கட்கிழமை வந்து எல்லாவற்றையும் சோதித்துவிடு" என்றார்.

"என் காண்ட்ராக்ட் வெள்ளிக்கிழமை முடியுதே, மேடம்."

"தெரியும். திங்கட்கிழமை வா. ஆனால் சோப்பு கொண்டு வராதே."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எலுமிச்சைச் சாறு கண்ணில் பட்டுவிட்டது என்று அண்ணேயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.