நிறம் மாறாத ரத்தம்

சிலருக்குப் பாட்டு வரும். சிலருக்குக் கணக்கு வரும். ஒன்றுமே வராதவர்களுக்கும் வாயாவது இருக்கும். நம்முடைய மனிதருக்கு இதில் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தக் காசநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அவரைப் போலப் பேர் வாங்கிய ஆள் இன்னொருவர் இல்லை. எல்லாம் அவருடைய ரத்தம் செய்த வேலை. அந்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் அத்தனை மரியாதையும்.

அவர் அங்கே டெக்னீஷியன். காலையில் பக்கத்துக் கட்டடத்து நெஞ்சுநோய் கிளினிக்குக்குப் போய் நோயாளிகளின் ரத்தத்தையும் சளியையும் வாங்கி வருவார். ரத்தத்தோடு காசநோய்க் கிருமியின் புரதத்தைக் கொஞ்சம் கலந்து ஒரு ராத்திரி கதகதப்பில் வைப்பார்கள். அந்தக் கிருமியை ஏற்கெனவே பார்த்த உடம்பு என்றால், ரத்த அணுக்கள் பழைய பகையாளியைத் தெருவில் கண்ட மாதிரி கூச்சல் போடும். மறுநாள் மேலே தெளிந்து நிற்பதைக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மருந்து சேர்த்தால், கூச்சல் போட்ட ரத்தம் இருக்கிற குழி மஞ்சளாகும். கிருமியைப் பார்க்காத உடம்பின் குழி தண்ணீராகவே நிற்கும்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நோயாளியின் ரத்தம் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, கிருமி படாத ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆளைக் 'கன்ட்ரோல்' என்பார்கள். அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற பலருக்குள்ளும் கிருமி சத்தம் போடாமல் படுத்துக் கிடந்தது. டைரக்டர் தன் ஆட்கள் எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார். டிரைவர் மஞ்சள். கணக்குப் பிரிவு அம்மா மஞ்சள். வாட்ச்மேன் மஞ்சள். டைரக்டரின் குழிதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அந்தத் தட்டு அன்று சாயங்காலமே கை தவறிக் கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். நம் மனிதரின் குழி மட்டும் அசையாமல் தண்ணீராக நின்றது.

டைரக்டருக்குத் தலை கால் புரியவில்லை. "ஜீரோ!" என்று கத்தினார். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்தால் மைக்ராஸ்கோப்பைக் காட்டிய கையோடு இவரையும் காட்டுவார். "இவர்தான் எங்க ஜீரோ." வந்தவர்கள் கை குலுக்குவார்கள். ஒரு மனிதனைப் பார்த்துப் பூஜ்யம் என்று சொன்னால் எங்கேயும் அடிதடிதான் நடக்கும்; இவருக்கு வாயெல்லாம் பல். எந்த ஆராய்ச்சிக்கும் ஒப்பிட ரத்தம் வேண்டுமானால் எங்கேயும் அலைய வேண்டாம், பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். சட்டைக் கையை மடித்து நீட்டுவார். டைரக்டர் எழுதிய கட்டுரைகளில் 'ஆரோக்கியமான நபர்' என்று வரும் இடமெல்லாம் நம்முடைய ஆள்தான். பல வருஷமாக அறிவியல் உலகத்தின் ஆரோக்கியத்தை இவர் ஒருவரே தாங்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

இதில் ஒரே ஒரு கோளாறு. தன் ரத்தம் ஏன் ஜீரோ என்பதை அவராகவே ஒரு மாதிரி புரிந்துகொண்டார்: கிருமிக்குத் தன்னைக் கண்டால் பயம். சளிக் குப்பிகள் இருக்கும் அறைக்குள் மற்றவர்கள் மூச்சு முட்டுகிற இறுக்கமான மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போவார்கள். இவர் அதைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு உலாத்துவார். யாராவது கேட்டால், "நம்ம உடம்பு வேறப்பா" என்பார்.

புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"அண்ணா, ஜீரோன்னா உங்க உடம்பு அந்தக் கிருமியை இன்னும் பாக்கலைன்னுதான் அர்த்தம். எதிர்ப்பு சக்தி ஜாஸ்தின்னு இல்ல."

"பாக்காம இருக்குமா? தெனமும் அதோடதாம்மா குடித்தனம் நடத்துறேன். அது கிட்ட வந்தாத்தானே?"

அப்போது உள்ளே வந்த டைரக்டர் இதைக் கேட்டார். உண்மை எதுவென்று அவருக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எழுதியவரே அவர்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த ஆளைச் சளி வாங்கி வரும் வேலையிலிருந்து மாற்ற வேண்டும். மாற்றினால் அந்த வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டும். "அவரைப் போட்டுக் குழப்பாதம்மா" என்று மாணவியிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வீட்டிலும் ஜீரோவின் பெருமைக்குக் குறைச்சலில்லை. மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். மகள் மூன்றாம் வகுப்பு. இருப்பது ஒரே படுக்கையறை. குழந்தை அப்பாவின் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்கும். பக்கத்தில் யாராவது தும்மினால் மனைவியையும் மகளையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தான் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். ஏதோ குண்டு மழையைத் தடுத்து நிறுத்துகிற மாதிரி.

அப்படிப்பட்டவருக்கு இருமல் வந்தது.

வந்தது போகவில்லை. தூசி என்றார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தபோது, "தொப்பை கரையுது" என்று சந்தோஷப்பட்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் நெஞ்சுநோயில் கரை கண்டவர்கள். அவர்களும் பார்த்தார்கள். "என்ன அண்ணா, இளைச்சு ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

"ஏங்க, டாக்டர்கிட்ட காமிங்க" என்றாள் மனைவி.

"நாள் பூரா டாக்டருங்க நடுவுலதான் இருக்கேன். ஒருத்தர் கண்ணுக்கும் படாமலா போயிடும்?"

"அவங்க உங்க ரத்தத்தைப் பாப்பாங்க. உங்களை யாரு பாத்தா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

அந்த வாரம் ஒரு காலையில் தட்டை, மஞ்சளை அளக்கிற கருவியில் வைத்த மாணவி, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். ஜீரோவின் குழி மஞ்சள். அதுவும் சும்மா மஞ்சளில்லை, பக்கத்தில் இருந்த நோயாளிகளின் குழியோடு போட்டி போடுகிற மஞ்சள்.

ஆராய்ச்சிக்கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. முதலில் மாணவிக்குத் திட்டு விழுந்தது. கை சுத்தமில்லை, குப்பியை மாற்றி வைத்திருப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு கிடையாது. இன்னொரு முறை அவளையே செய்யச் சொன்னார்கள். மஞ்சள். மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புது டப்பாவை உடைத்தார்கள். மஞ்சள். குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள். கருவி விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்து, கருவியைக் குடல் வேறு பாகம் வேறாகப் பிரித்து மறுபடி பூட்டினார். மஞ்சள்தான். ஒவ்வொரு முறையும் ஜீரோ சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். நீட்டியபடியே இருமினார். இன்ஜினியர் உள்பட அத்தனை பேரும் அவர் இருமி முடிக்கிறவரை மரியாதையாகக் காத்திருந்து ரத்தம் எடுத்தார்கள்.

கடைசியில் மாணவி மெதுவாகக் கேட்டாள்.

"சார்... ஒருவேளை அண்ணனுக்கே டிபி இருந்தா?"

"என்னம்மா பேசுற நீ?" டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவரு கன்ட்ரோல்மா! அவருக்கு எப்படி வரும்?"

ஜீரோவும், "அதானே?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. கைக்குட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கைக்குட்டையைக் காட்டினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த டாக்டர் வாழ்நாளில் ஒரு கட்டுரையும் எழுதாதவர். வாசலில் கூட்டம் வேறு. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சளியைக் கிளினிக்குக்கு அனுப்பச் சொன்னார். எந்தக் கிளினிக்? இவர் தினமும் போய் வருகிற அதே கிளினிக்தான். இத்தனை நாள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று குப்பிகளை வாங்கியவர், முதல் தடவையாகக் குப்பியை நீட்டினார். ஜன்னலில் இருந்த நர்ஸ், "யாரோடது அண்ணா?" என்று பழக்கத்தில் கேட்டாள். "என்னோடதுதாம்மா" என்றார்.

முடிவு வந்தது. காசநோய்தான், சந்தேகமே இல்லை. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அது அவர் காதிலேயே ஏறவில்லை.

"என் பொண்ணு என் பக்கத்துலதான் படுத்துக்குவா டாக்டர்" என்றார்.

அன்றே அம்மாவுக்கும் மகளுக்கும் சோதனை எடுத்தார்கள். மறுநாள் மனைவிக்கு மஞ்சள் வந்தது. எக்ஸ்ரேயில் நோய் இல்லை, கிருமி தூங்குகிற வகை, தடுப்பு மாத்திரை போதும் என்றார்கள். "எனக்கு எப்பவோ வந்திருக்கும். ரத்தம் எடுத்து யாரும் கை குலுக்கலை, அதான் தெரியலை" என்றாள் அவள். மகளுக்கு ஜீரோ. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை.

"இப்பதான் தொத்தியிருந்தா இப்பவே காட்டாது. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கணும். அதுவரைக்கும் எதுவும் சொல்றதுக்கில்லை."

ஜீரோ என்ற வார்த்தையை இத்தனை வருஷம் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தவருக்கு அன்றுதான் அதன் அர்த்தம் முழுசாக உறைத்தது. பார்க்காத உடம்பு. பழகாத உடம்பு. முதல் தடவை வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிற உடம்பு. தன் மேல் காலைப் போட்டுத் தூங்குகிற குழந்தையின் முகத்துக்கு நேரே எத்தனை ராத்திரி இருமியிருப்போம் என்று நினைத்தார்.

டைரக்டரும் செய்தி கேட்டு இடிந்துதான் போனார். போன் செய்து பேசினார். "இருமல் எப்ப ஆரம்பிச்சதுன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்று அக்கறையாக விசாரித்தார். இவர் ரத்தத்தோடு ஒப்பிட்ட கணக்குகளை எந்தத் தட்டிலிருந்து தூக்கிப்போட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்திருப்பார். அதற்குள் இன்னொரு போன் வந்துவிட்டது.

வீட்டுக் கூடத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாகப் படுத்தார் நம் மனிதர். மகள் படுக்கையறை வாசலில் நின்று, "அப்பா, கிருமி இன்னும் போகலையா?" என்று தினமும் கேட்பாள். "போய்க்கிட்டே இருக்குடா கண்ணு" என்பார். மாத்திரை குமட்டியது. ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. இருமல் அடங்கி, இனி யாருக்கும் தொற்றாது என்று கிளினிக்கில் சொன்ன பிறகு வேலைக்குத் திரும்பினார். இப்போது அவர் வேலை மூலையில் உட்கார்ந்து குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவது. பேராசிரியர்கள் வந்தால் டைரக்டர் மைக்ராஸ்கோப்போடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் சோதனை நாள் வந்தது. கிளினிக்கில் எடுத்த ரத்தத்தை மாணவிதான் தட்டில் ஏற்றினாள். ரத்தம் கொடுத்துவிட்டுப் போன குழந்தை, முடிவு வருகிற மறுநாளும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. உள்ளே அப்பா கருவி பக்கத்தில் இருந்தார். எத்தனையோ ஆயிரம் குழிகளைப் பார்த்த கண். இந்த ஒரு குழியைப் பார்க்க அதற்குத் தைரியமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, திரும்பிப் பாருங்க" என்றாள் மாணவி.

தண்ணீர். சுத்தமான, நிறமில்லாத தண்ணீர். தொற்றவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

அழுகைச் சத்தம் கேட்டு டைரக்டர் வந்தார். தட்டைப் பார்த்தார். "யாரோடது?" என்றார். மாணவி சொன்னாள். டைரக்டரின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. வந்து ஜீரோவின் தோளில் கை போட்டார்.

"அடடா! அப்படியே அப்பா ரத்தம்! நான்கூட இனி ஜீரோவுக்கு எங்க போறதுன்னு தவிச்சுப் போயிட்டேன். பாப்பாவுக்கு என்ன வயசு? ஸ்கூல் லீவுல கூட்டிட்டு வாங்க. கொஞ்சமாத்தான் எடுப்போம். கையெழுத்து வாங்குற வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அழுகை நின்றது. எத்தனை வருஷமாகவோ, கேட்டபோதெல்லாம் கையை நீட்டிய மனிதர், தோளில் கிடந்த அந்தக் கையைப் பிடித்து எடுத்துக் கீழே விட்டார்.

"என் பொண்ணுகிட்ட ஊசியோட வந்தீங்கன்னா, இந்தக் கையை ஒடிச்சுப்புடுவேன் சார்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

டைரக்டர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாணவியைக் கேட்டார்.

"என்ன ஆச்சு இவருக்கு? இப்படியெல்லாம் பேசுற ஆளே இல்லையே. மாத்திரையோட சைடு எஃபெக்டா?"

"இல்ல சார்" என்றாள் அவள். "கோவம்."